பவுன் வந்த வழி

நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளில் தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு: "பெண்ணுக்கு எத்தனை பவுன்?" பவுன் என்பது எட்டுக் கிராம் தங்கம் என்பதைக் கேட்பவரும் அறிவர், சொல்பவரும் அறிவர். ஆயினும் அச்சொல் தமிழ்ச் சொல்லன்று. ஆங்கில நாட்டாரின் பவுண்டு என்னும் காசுப் பெயரே நம் நாவில் பவுன் ஆயிற்று. சவரன் என்று சிலர் வழங்குவதும் அவ்வாறு வந்ததே. அது சாவரின் என்னும் ஆங்கிலத் தங்கக் காசின் பெயர்த் திரிபு. ஒரு நாட்டின் காசு, கடல் கடந்து வந்து இன்னொரு நாட்டாரின் நகைக்கு எடைக்கல்லானது எவ்வாறு என்று எண்ணிப் பார்ப்பது சுவையான ஆராய்ச்சியாகும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பவுண்டு என்பது முதன்முதலில் காசின் பெயரே அன்று, எடையின் பெயர். எடையின் பெயர் கணக்கின் பெயராகி, கணக்கின் பெயர் பல நூற்றாண்டுகள் கழித்துக் காசின் பெயராகி, அக்காசு நம் பொற்கொல்லரின் தராசில் ஏறி மீண்டும் எடையாயிற்று. ஆங்கிலத்தில் இன்றும் எடைக்கும் பணத்துக்கும் அந்த ஒரே சொல்தான். தமிழரோ எடையை ராத்தல் என்றும், காசைப் பவுன் என்றும் பிரித்து வழங்கினர். ராத்தல் அரபு மொழி வழியாக வந்த சொல். ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டை மறந்து, ஆயிரம் பவுண்டு சொத்துடையவனை ஆயிரம் பவுன் தங்கம் உடையவனாக்கிவிடுவதுண்டு. சில காலங்களில் அது சரியாகவும் இருக்கும். பல காலங்களில் பெரும் பிழையாகும். எப்போது சரி, எப்போது பிழை என்பது இவ்வரலாற்றைப் படித்தால் விளங்கும்.

இருநூற்று நாற்பது

ஆங்கில நாட்டின் பழைய காசுக் கணக்கு இது: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே பவுண்டுக்கு 240 பென்னி. பென்னியை நான்காகப் பகுத்தால் பார்த்திங். அவ்வகையில் ஒரு பவுண்டில் 960 பார்த்திங். இக்கணக்கு 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் வரை நடைமுறையில் இருந்தது.

இதன் தோற்றம் ஆங்கில நாட்டில் இல்லை. ஐரோப்பாவின் பெரும் பகுதியை ஆண்ட சார்லமேன் காலத்து ஒழுங்குமுறையில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஓர் இலிப்ரா எடையுள்ள வெள்ளியிலிருந்து 240 காசு அடிக்கவேண்டும் என்பது அங்கு விதியாக நிலைபெற்றது. அக்காலத்திலேயே, தென்கிழக்கே கென்ட் முதலிய பகுதிகளையும் மேலாண்மை செய்த மெர்சியா நாட்டு மன்னன் ஆபா (757 – 796) மெல்லிய அகன்ற வெள்ளிப் பென்னியைப் பரவலாக வெளியிட்டான். இலிப்ரா என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தராசு என்றும் பொருள். எடை என்றும் பொருள். பவுண்டுக்கு இடும் அடையாளம் அச்சொல்லின் முதலெழுத்தேயாகும். ஷில்லிங்குக்கு உரோமரின் சாலிடஸ் என்னும் பொற்காசின் முதலெழுத்தையும், பென்னிக்கு டினாரியஸ் என்னும் வெள்ளிக்காசின் முதலெழுத்தையும் கணக்கர்கள் எழுதிவந்தனர். பென்னி என்று வாயால் சொல்லி, டினாரியஸ் என்று கையால் எழுதுவது ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிகழ்ந்தது!

டினாரியஸ் தமிழ் மண்ணுக்கும் புதியதன்று. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய உரோமப் பேரரசர்களின் உருவம் பொறித்த அவ்வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக நம்மிடம் வந்த காசின் பெயரே, ஆங்கிலேயர் கணக்கேட்டில் ஓர் எழுத்தாக ஒடுங்கிக் கிடந்தது.

தொடக்கத்தில் பென்னி ஒன்றே காசு. பவுண்டுக் காசு என்றோ ஷில்லிங் காசு என்றோ எதுவும் இல்லை. பவுண்டு என்றால் 240 பென்னியின் தொகை. ஷில்லிங் என்றால் அதற்குள் ஒரு பகுதி. அந்த ஷில்லிங்குங்கூட இடத்துக்கு இடம் வேறுபட்டது. வெசெக்ஸ் நாட்டில் 5 பென்னிக்கும் மெர்சியாவில் 4 பென்னிக்கும் அப்பெயர் வழங்கியது. 1066-இல் நார்மானியர் வென்ற பின்னரே 12 பென்னி என உறுதிப்பட்டது. முதற் பவுண்டுக் காசைப் பொன்னில் அடித்தவன் ஏழாம் ஹென்றி, ஆண்டு 1489. ஷில்லிங் காசும் அவன் ஆட்சியிலேயே முதன்முதல் தோன்றியது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள், கையில் தொட்டுப் பார்க்க இயலாத ஒன்றை வைத்து ஒரு நாடு வரி விதித்தது, நிலம் விற்றது, கடன் கொடுத்தது.

அரசாங்கக் கருவூலத்தில் கணக்கு முடிக்கும்போது சதுரங்கப் பலகை போன்று கட்டம் போட்ட துணியை மேசைமேல் விரித்து, பென்னிக்கு ஒரு வரிசை, ஷில்லிங்குக்கு ஒரு வரிசை, பவுண்டுக்கு ஒரு வரிசை எனக் காய்களை வைத்துக் கூட்டினர். ஆங்கில நாட்டு நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அந்தக் கட்டத் துணி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்க் என்று இன்னொரு கணக்குப் பெயரும் இருந்தது. அது 160 பென்னி, அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அப்பெயரில் ஆங்கில நாட்டில் ஒருநாளும் காசு அடிக்கப்படவில்லை.

"இவ்வளவு குழப்பமான கணக்கை ஒரு வாணிக நாடு ஏன் விடாமல் வைத்திருந்தது?" என்று மாணவர் கேட்பர். ஆசிரியர்கள் இதற்கு மறுமொழி சொல்வது எளிது. 100 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஒன்பதே; 240-ஐ வகுப்பவை இருபது. ஒரு பவுண்டை மூவர்க்குப் பங்கிட்டால் ஆளுக்கு 6 ஷில்லிங் 8 பென்னி. எண்மர்க்குப் பங்கிட்டால் 2 ஷில்லிங் 6 பென்னி. பிசிறு இல்லை. ஒரு டசன் முட்டையின் விலை எத்தனை ஷில்லிங்கோ, ஒரு முட்டையின் விலை அத்தனை பென்னி. கடைக்காரருக்குத் தாளும் எழுதுகோலும் வேண்டா. கீழ்வாய் இலக்கமாக அரை, கால், மா, காணி, முந்திரி என்று பகுத்துப் பகுத்துக் கணக்கிட்ட நம் முன்னோர் இதன் அருமையை உடனே உணர்ந்திருப்பர்.

வகுத்தலில் இருந்த எளிமை பெருக்கலில் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். கெசம் 3 ஷில்லிங் 7½ பென்னி வீதம் 17 கெசம் துணிக்கு என்ன விலை? விலையைப் பென்னியாக்கினால் 43½. அதைப் பதினேழால் பெருக்கினால் 739½. பன்னிரண்டால் வகுத்தால் 61 ஷில்லிங், மீதி 7½ பென்னி. இருபதால் வகுத்தால் 3 பவுண்டு 1 ஷில்லிங் 7½ பென்னி. ஆங்கில நாட்டுச் சிறுவர் பன்னிரண்டாம் வாய்பாடு வரை மனனம் செய்தமைக்கு இக்காசுக் கணக்கு ஒரு முதற்காரணம். வாழ்நாளில் ஒரு பென்னியைக்கூடக் கையில் வாங்காத அயல்நாட்டுப் பிள்ளைகளும் அந்நாட்டில் அச்சான கணக்குப் புத்தகங்களைப் படித்து இவ்வகைக் கணக்குகளோடு மல்லாடினர் என்பது வேறு கதை.

தேய்ந்த வெள்ளி

இனி, பெயருக்குள் இருந்த பொருளைப் பார்ப்போம். பழைய பவுண்டு என்பது இலண்டன் கோட்டை அக்கசாலையில் வழங்கிய எடை. ஏறத்தாழ 350 கிராம். அதில் 240 காசு என்றால் பென்னி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1½ கிராம். வெள்ளியின் மாற்று, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. இன்றும் வெள்ளி நகைக்கடைகளில் 925 என்று முத்திரை காண்கிறோமே, அம்மாற்றுதான்.

மன்னர்க்குப் போர்ச்செலவு மிகும்போதெல்லாம் பென்னி இளைத்தது. 1601-ஆம் ஆண்டில் நிலைமை என்ன? அப்போது வழங்கிய எடைப் பவுண்டு சற்றுப் பெரியது, 373 கிராம். அதிலிருந்து 62 ஷில்லிங் அடிக்கலாம் என ஆணை பிறந்தது. பவுண்டுப் பணம் 20 ஷில்லிங்தானே? அப்படியாயின் ஒரு பவுண்டுப் பணத்தில் இருந்த வெள்ளி வெறும் 120 கிராம். பெயர் பவுண்டு, எடை அப்பழைய பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு!

எடையைக் குறைத்தலாவது கண்ணுக்குத் தெரியும். மாற்றைக் குறைத்தல் தெரியாது. அக்கொடுமையைச் செய்தவன் எட்டாம் ஹென்றி. 1544-இல் தொடங்கி அவனும், அவனுக்குப் பின் அவன் மகன் ஆறாம் எட்வர்டின் அரசாங்கத்தாரும் வெள்ளியில் செம்பைக் கலந்துகொண்டே போயினர். 1551-இல் வெளிவந்த சில காசுகளில் நான்கில் ஒரு பங்கே வெள்ளி. காசின்மேல் மன்னன் முகம் நேராகப் பொறிக்கப்பட்டிருந்தது. கைபட்டுக் கைபட்டு முதலில் தேய்வது மேடான மூக்கல்லவா? மேலிருந்த வெள்ளிப் பூச்சு போய் உள்ளிருந்த செம்பு சிவந்து தோன்றவே, மக்கள் அம்மன்னனுக்குச் 'செப்புமூக்கன்' என்று பெயரிட்டனர். அவன் மகள் எலிசபெத் அரசி 1560-இல் இச்சீர்கேட்டைத் திருத்த முற்பட்டாள். அது அவள் புகழுக்குரிய செயல் என்று வரலாற்று நூல்கள் போற்றும். போற்றத்தக்கதே. ஆனால் திருத்தத்தின் செலவு யாருடையது? 12 பென்னி என்று சொல்லி அரசாங்கம் கொடுத்திருந்த கலப்பு ஷில்லிங், இடையில் 6 பென்னி எனக் குறைக்கப்பட்டு, அவள் ஆணையால் 4½ பென்னி ஆயிற்று. மிக இழிந்தவை 2¼ பென்னி ஆயின. ஏமாற்றியவர் மன்னர்; இழந்தவர் காசைப் பெட்டியில் வைத்திருந்தவர்.

இதுபோன்றே 1696-இலும் நடந்தது. அக்காலம் வரை பல காசுகள் சுத்தியலால் அடித்தவை, விளிம்பு ஒழுங்கற்றவை. விளிம்பைக் கத்தரித்து வெள்ளித் துணுக்குகளைச் சேர்த்து விற்பது ஒரு களவுத் தொழிலாகவே இருந்தது. கத்தரித்த காசுகளை எல்லாம் திரும்பப் பெற்று, எந்திரத்தால் விளிம்பு செதுக்கிய புதுக்காசு கொடுப்பதென அரசாங்கம் துணிந்தது. அப்பணிக்கு அக்கசாலை அதிகாரியாக அமர்ந்தவர் வேறு யாருமல்லர். புவியீர்ப்பைக் கண்ட ஐசக் நியூட்டனே. கள்ளக்காசு அடிப்போரைத் துப்பறிந்து பிடிப்பதிலும் அவர் விண்மீன்களை ஆராய்ந்த அதே கூர்மையைக் காட்டினார். வில்லியம் சாலனர் என்னும் பெருங்கள்ளன் 1699-இல் தூக்கிலேறியது நியூட்டன் திரட்டிய சான்றுகளால்தான். ஆயினும் ஒரு குறை. கத்தரித்த காசை முழு மதிப்புக்கு ஏற்பதற்கு நாள் குறிக்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் வரியாகவும் அரசாங்கக் கடனாகவும் செலுத்துவோரிடமிருந்தே ஏற்கப்பட்டது. வரி கட்டும் அளவுக்கு வசதியில்லாத கூலிக்காரர் கையில் இருந்த காசு கையிலேயே மதிப்பிழந்தது.

வெள்ளி போய்ப் பொன் வந்தது

1663-இல் 20 ஷில்லிங் மதிப்புக்கு ஒரு பொற்காசு வெளியாயிற்று. மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து வந்த தங்கம் என்பதால் அதற்குக் கினி என்று பெயர் வழங்கியது. அத்தங்கத்தைக் கொணர்ந்த ஆப்பிரிக்கக் கம்பெனியின் யானைச் சின்னத்தை அக்காசுகள் பலவற்றில் காணலாம். அதே கம்பெனி அடிமை வாணிகமும் செய்தது என்பதை மறத்தலாகாது. வெள்ளிக்காசு கெட்டுப்போனபோது கினியின் விலை 30 ஷில்லிங் வரை ஏறியது. பின்னர் இறங்கி, 1717-இல் நியூட்டனின் அறிக்கையை அடுத்து 21 ஷில்லிங் என்று நிறுத்தப்பட்டது.

அந்த விலை, வெள்ளியோடு ஒப்பிடத் தங்கத்துக்குச் சற்று மிகையான விலை. விளைவு என்ன? மதிப்புக் குறைத்துக் கணிக்கப்பட்ட வெள்ளி நாட்டை விட்டுப் புறப்பட்டது. இந்தியாவிலும் சீனத்திலும் வெள்ளிக்கு நல்ல விலை கிடைத்தமையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அதை ஏற்றிச் சென்றன. ஆங்கில நாட்டில் தங்கம் தங்கியது. எவரும் திட்டமிடாமலே வெள்ளிப் பவுண்டு தங்கப் பவுண்டாக மாறியது. 1816-இல் சட்டம் அதை ஒப்புக்கொண்டது. 1817-இல் 20 ஷில்லிங் மதிப்புள்ள புதிய தங்க சாவரின் பிறந்தது. அதன் எடை 7.988 கிராம், 22 மாற்று. நம்மவர் பவுன் என்றும் சவரன் என்றும் ஏற்றுக்கொண்டது இக்காசையே. எட்டுக் கிராம் என்னும் கணக்கு இதன் வழி வந்தது. ஆகவே 1817 முதல் 1914-இல் முதல் உலகப்போர் மூளும் வரையுள்ள கதைகளில் பவுண்டைப் பவுன் என்றே மொழிபெயர்க்கலாம். போர் தொடங்கியதும் தாள் நோட்டு வந்தது. 1931-இல் தங்கத் தொடர்பு அறவே அறுந்தது. அதன் பின்னர் பவுண்டு வேறு, பவுன் வேறு.

வெள்ளிக் காசுகளின் முடிவையும் சொல்லிவிடலாம்: 1920-இல் மாற்று பாதியாகக் குறைந்தது, 1947-இல் வெள்ளி முற்றும் நீங்கி, செம்பும் நிக்கலும் கலந்த காசாயிற்று.

மலாயாவும் பவுண்டும்

நம் நாடுகளில் வெள்ளியும் காசுமாகப் பத்தின் மடங்கிலேயே கணக்கு நடந்தது. ஷில்லிங் பென்னித் தொல்லை நமக்கு இருந்ததில்லை. ஆனால் நம் வெள்ளியின் மதிப்பைக் கட்டிவைத்திருந்த முளை இலண்டனில் இருந்தது. உலகில் வெள்ளியின் விலை சரிந்துகொண்டே போனமையால், 1906-இல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்னி என மதிப்பை நிலைநிறுத்தியது. பென்னியாக்கினால் 28, பவுண்டு 240, ஆகவே 7 பவுண்டுக்கு 60 வெள்ளி. இரண்டு உலகப் போர்களுக்குப் பின்னரும், ஆட்சிகள் மாறிய பின்னரும் இவ்விகிதம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

1967-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் புருணையும் தத்தம் புதிய நாணயத்தை வெளியிட்டன. பழைய மலாயா – பிரிட்டிஷ் போர்னியோ நோட்டுகளும் உடன் செல்லுபடியாயின. அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஆங்கில அரசாங்கம் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. புதிய வெள்ளி அதனோடு இறங்கவில்லை. பவுண்டைப் பிணையாகக் கொண்டிருந்த பழைய நோட்டு இறங்கியது. பழைய ஒரு வெள்ளி, புதிய 85 காசு ஆயிற்று. வங்கிக் கணக்கு வைத்திருந்தோரைவிட, நோட்டுகளைத் தகரப்பெட்டியிலும் தலையணைக்கடியிலும் சேர்த்து வைத்திருந்த எளியோரே இதனால் கலங்கினர். எலிசபெத் அரசி ஷில்லிங்கை 4½ பென்னி ஆக்கிய அன்று ஆங்கில நாட்டுக் குடியானவன் நின்ற நிலையில் நம்மவர் நின்றனர். நூறு வெள்ளி சேர்த்த தாய்க்குப் பதினைந்து வெள்ளி நட்டம் ஏன் என்பதை, தராசு, இலிப்ரா, 240 என்று தொடங்கி யார் விளக்கியிருக்க முடியும்?

பத்தின் மடங்கு

ஆங்கில நாட்டில் பத்தின் மடங்குக்கு மாறவேண்டும் என்னும் கோரிக்கை 1824-இலேயே நாடாளுமன்றத்தில் எழுந்தது. 1849-இல் பவுண்டில் பத்தில் ஒரு பங்காகப் பிளாரின் என்னும் 2 ஷில்லிங் காசை வெளியிட்டு முதலடி வைத்தனர். அக்காசில் 'இறையருளால்' என்னும் வழக்கமான சொற்றொடர் விடுபட்டமையால், கடவுளற்ற காசு என்று தூற்றப்பட்டதே மிச்சம். விசாரணைக் குழுக்கள் கூடின, கலைந்தன. இந்தியா 1957 ஏப்ரலில் 16 அணா, 192 பைக் கணக்கை விட்டு நூறு புதுக்காசுக்கு மாறியது. தென்னாப்பிரிக்கா 1961-இலும், ஆஸ்திரேலியா 1966-இலும் மாறின. அவ்விரு நாடுகளும் 10 ஷில்லிங்கைப் புதிய அலகாகக் கொண்டன. அவ்வாறு கொண்டால் ஒரு ஷில்லிங் 10 காசு ஆகும்; பழகுவது எளிது. ஆங்கில நாட்டாரோ பவுண்டு என்னும் பெயரின் உலகப் பெருமையை விட மனமின்றிப் பவுண்டையே நூறாகப் பகுத்தனர். அதனால் புதிய பென்னி ஒன்று பழைய பென்னியில் 2.4 ஆயிற்று. சிறு பொருள்களின் விலையைக் கடைக்காரர் மேல்நோக்கி முழுமையாக்குவர் என்று ஏழை மக்கள் அஞ்சியதில் பொருளில்லாமல் இல்லை. அவ்வச்சத்தைத் தணிக்கவே புதிய அரைப் பென்னியும் அடிக்கப்பட்டது.

மாற்றம் படிப்படியாக வந்தது. பார்த்திங் 1960-இன் இறுதியில் மறைந்தது. 1968-இல் ஷில்லிங் அளவிலேயே 5 பென்னிக் காசும், பிளாரின் அளவிலேயே 10 பென்னிக் காசும் வந்து பழைய காசுகளோடு கலந்து புழங்கின. 1971 பிப்ரவரி 10-ஆம் நாள் பிற்பகல் வங்கிகள் கதவடைத்துக் கணக்கேடுகளை மாற்றின. 15-ஆம் நாள் திங்கட்கிழமை காலை திறந்தபோது 240 போய் 100 வந்திருந்தது. டினாரியஸ் எழுத்தும் அன்றோடு கணக்கேட்டை விட்டகன்றது.

எல்லாம் ஒரே நாளில் போய்விடவில்லை. பழைய 6 பென்னிக் காசு 2½ புதுப் பென்னி மதிப்பில் 1980 வரை உலவியது. பிளாரின் 1993 வரை உலவியது. கினிக் காசு அடிப்பது நின்று இருநூறு ஆண்டுக்கு மேலாகியும், இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பந்தயக் குதிரைகளை இன்றும் கினிக் கணக்கிலேயே ஏலம் கூறுகின்றனர்; கினி ஒன்றுக்கு வாங்குபவர் கொடுப்பது ஒரு பவுண்டு 5 பென்னி. நகைக்கடையில் நாமும் பவுன் கணக்கிலேயே கேட்கிறோம். கடைக்காரர் எட்டுக் கிராமாக நிறுத்துத் தருகிறார். இலண்டன் அக்கசாலையின் கணக்குப்படி பார்த்தால் ஒவ்வொரு பவுனிலும் 12 மில்லிகிராம் கூடுதல்.